கணக்கில் சேராத தகடு

நான் படித்தவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெருமைக்காக இல்லை. இந்தக் கதையில் வருகிற கேடெல்லாம் அந்தப் படிப்பின் பேரால்தான் நடந்தது. பெயர் கிஷாந்த். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் போகிற ஒரு ஒழுங்கையில், தொடர்மாடியின் நாலாம் மாடியில் மனைவி உஷாந்தியோடு இருக்கிறேன். கிராண்ட்பாஸில் ஒரு வேர்க்ஷொப்பில் எஞ்சினியர் வேலை. நீராவி அழுத்தத்தைத் தாங்கும் இரும்புக் கலன்கள் செய்கிற இடம் அது. எத்தனை மில்லிமீட்டர் தகடு வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கையெழுத்து வைப்பது என் வேலை.

அந்தத் தகட்டை வளைத்துப் பொருத்துவது பிட்டர் சந்திரகுமாரின் வேலை. கொட்டாஞ்சேனைக்காரன். தகப்பன் காலத்தில் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து கொழும்புக்கு வந்த குடும்பம். என்னைவிட நாலைந்து வயது மூத்தவன். ஆனாலும் நான் அவனை 'நீ' என்பேன், அவன் என்னைச் 'சேர்' என்பான். அங்கே அதுதான் வழக்கம். வழக்கம் என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டால் பிறகு யாரும் எதையும் கேட்பதில்லை.

டொலர் இல்லாமல் நாடு தவித்த வருடம். மட்டக்குளியில் ஒரு சாய ஆலைக்குக் கலன் ஒன்று செய்துகொண்டிருந்தோம். துணியை மூடி போட்டு, அழுத்தத்தில், உப்பும் சாயமும் கலந்த கொதிநீரில் வேகவைக்கிற கலன். உப்புத் தண்ணீர் சாதாரண இரும்பைத் தின்றுவிடும். அதனால் வெளியே இரும்பு, உள்ளே துருப்பிடிக்காத உலோகம் என்று இரண்டு அடுக்கு வைப்போம்.

இதை இரண்டு விதமாகச் செய்யலாம். தகடு செய்கிற ஆலையிலேயே இரண்டு உலோகத்தையும் சூட்டில் உருட்டி ஒரே தகடாக்கி எடுப்பது ஒரு விதம். அப்படி வந்தால் பிறகு யாராலும் பிரிக்க முடியாது. சுமையையும் இரண்டும் சேர்ந்தே தாங்கும், ஆகவே பலத்துக்கான கணக்கில் இரண்டின் தடிப்பையும் கூட்டலாம். மற்ற விதத்தில், முதலில் இரும்புக் கலனைச் செய்துவிட்டு, உள்ளே மெல்லிய தகட்டை இடைக்கிடை வெல்டிங் வைத்துப் போர்த்துவோம். அது உடம்புக்குச் சட்டை போட்ட மாதிரி. வெயிலுக்கு உதவும், எலும்புக்கு உதவாது. கணக்கில் அதன் தடிப்பு பூச்சியம்.

முதலில் நான் கணக்குப் போட்டது முதல் விதத்துக்கு. ஐந்தரை மில்லிமீட்டர் தேவை. ஐந்தும் இரண்டும் ஏழு, தாராளம். சாய ஆலைக்காரரும் அந்தக் கணக்கைப் பார்த்துக் கையெழுத்து வைத்துவிட்டார். பிறகுதான் வெளிநாட்டுத் தகடு வராது என்று ஆகிவிட்டது. வேர்க்ஷொப்பைப் பார்த்துக்கொள்ளும் கிளைவ் எங்கெங்கோ அலைந்து ஐந்து மில்லிமீட்டர் இரும்பும் இரண்டு மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் தகடும் தனித்தனியாகக் கொண்டுவந்து இறக்கினார்.

"தடிப்பு அதேதான் மச்சான். உள்ள போத்தி ஒட்டிருவோம். ட்ரோயிங்க மட்டும் மாத்திக் குடு."

ட்ரோயிங்கில் ஒரு வரியை மாற்றிக் கொடுத்தேன். கணக்கை மாற்றவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. மறக்கவில்லை. ஏதோ உறுத்தியது, ஆனால் கணக்கைத் திறந்தால் ஆலைக்காரரிடம் திரும்பப் போய் இன்னொரு கையெழுத்து வாங்க வேண்டும், முதல் கணக்கு செல்லாது என்று என் வாயால் சொல்ல வேண்டும். அந்தச் சோம்பலிலும் கௌரவத்திலும் பைலை மூடினேன்.

ஒரு பின்னேரம் கலன் உருளைகளின் மேல் படுத்துக் கிடந்தது. சந்திரகுமார் உள்ளே குனிந்து இருந்து சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டு வந்தான். வெல்டிங் வைத்த இடத்தில் 'ணங்' என்று கேட்டது. நடுவில் தட்டினால் வெறும் பானையைத் தட்டிய சத்தம். தலையை வெளியே நீட்டினான்.

"சேர், இந்த உள்தகடு ஒடம்போட ஒட்டலீங்க. நடுவுல எல்லாம் சும்மா நிக்கிது. கணக்குல இதையும் சேத்திருக்கீங்களா?"

கேட்டதில் ஒரு குத்தலும் இல்லை. தெரியாமல்தான் கேட்டான், அல்லது தெரிந்து பக்குவமாகக் கேட்டான். ஆனால் கிளைவ் நின்றார், வெல்டிங் ஆட்கள் நாலைந்து பேர் நின்றார்கள். எனக்குச் சுருக்கென்றது.

"சந்திரகுமார், நீ சுத்தியலைப் பிடி. நான் கல்குலேட்டரைப் பிடிக்கிறன். ரெண்டு பேரும் மாத்திப் பிடிச்சா வேர்க்ஷொப்பைப் பூட்ட வேண்டியதுதான்."

எல்லாரும் சிரித்தார்கள். சந்திரகுமாரும் சிரித்தான். சிரித்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு மறுபடி தட்டத் தொடங்கினான். நல்ல பகிடி விட்டோம் என்று எனக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி. அதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

வீட்டுக்கு வந்து உஷாந்திக்கு அதைச் சொன்னேன். அவள் வங்கியில் வேலை செய்கிறவள், இரும்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. தேநீரை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அப்ப அந்தாள் கேட்டது பிழையோ?"

"பிழை இல்லாமல்? அவனுக்கு என்ன தெரியும்?"

சொல்லிவிட்டு அறைக்குப் போய்ப் புத்தகத்தை எடுத்தேன். அழுத்தக் கலன்களுக்கான விதிகள் எல்லாம் அதில் இருக்கின்றன. தேட வேண்டியிருக்கவில்லை, எந்தப் பக்கம் என்று என் கைக்கே தெரிந்திருந்தது. ஒரே வரி. போர்த்தி ஒட்டிய தகட்டின் தடிப்பைப் பலக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பல்கலைக்கழகத்தில் அந்த வரிக்குக் கீழே நானே பென்சிலால் கோடு போட்டிருந்தேன்.

ஐந்தரை வேண்டிய இடத்தில் ஐந்து. அரை மில்லிமீட்டர்தானே என்று மனம் வக்காலத்துக்கு வந்தது. அரை மில்லிமீட்டரோடு கதை முடியாது என்பதும் எனக்குத் தெரியும். உள்தகட்டின் ஒட்டில் மயிரளவு வெடித்தால் போதும், உப்புத் தண்ணீர் சட்டைக்கும் உடம்புக்கும் நடுவே புகுந்து நின்று அந்த ஐந்தையும் அரித்துக்கொண்டே போகும். உள்ளே பார்த்தால் ஸ்டெயின்லெஸ் பளபளக்கும். வெளியே பார்த்தால் பெயின்ட் பளபளக்கும். ஒரு நாள் மூடியடியில் நிற்கிற ஆளின் மேல் கொதிநீர் பாயும்போதுதான் தெரியவரும்.

அடுத்த நாள் சொல்லியிருக்கலாம். "நீ கேட்டது சரி" என்று மூன்று சொல். அந்த மூன்று சொல்லுக்கும் எனக்கு வாய் வரவில்லை. வராததோடு விட்டேனா? சந்திரகுமாரைக் கண்டாலே உடம்பு கூசியது. அவனைப் பின்பக்கம் வேறு வேலைக்கு மாற்றச் சொல்லிக் கிளைவிடம் கேட்டேன். கிளைவ் காரணம் கேட்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தால் மட்டும் போதாது, அதைப் பார்த்தவனையும் பந்தியிலிருந்து எழுப்பிவிட வேண்டுமல்லவா?

தண்ணீர் நிரப்பிச் சோதனை அழுத்தம் ஏற்றினோம். கலன் கல்லுப்போல நின்றது. புதிதில் நிற்கும் என்று எனக்குத் தெரியும். சோதனை ஒரு நாளைக்கு, வேலை பல வருடத்துக்கு. கிளைவ் என் முதுகில் தட்டினார்.

எங்கள் வேர்க்ஷொப்பில் ஒரு வழக்கம் உண்டு. கலன் லொறியில் ஏறமுன் அதற்குச் சந்தனம் தொட்டு மாலை போடுவோம். கணக்குப் போட்டவர் கற்பூரம் கொளுத்த வேண்டும், பொருத்தியவர் தேங்காய் உடைக்க வேண்டும். கிளைவ் வேதக்காரர், தேவாலயத்துக்குப் போகிறவர், ஆனாலும் இதை ஒரு நாளும் விடமாட்டார். பின்பக்கத்திலிருந்து சந்திரகுமாரைக் கூப்பிட்டார்கள். நான் கற்பூரத்தைக் கொளுத்தினேன். அவன் கண்ணை மூடிக் கலனைக் கும்பிட்டான், நெடுநேரம் கும்பிட்டான். பிறகு தேங்காயை உடைத்தான். இரண்டு பாதியும் வெள்ளையாக, நேராகப் பிளந்தன. நல்ல சகுனம் என்றார்கள்.

எட்டு மாதம் போனது. வெட்கமும் பல்வலி மாதிரித்தான், சில நாள் மறந்திருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்துக்கொண்டே கிளைவ் சும்மா சொன்னார்.

"சந்திரகுமாரின்ட வைஃபும் மட்டக்குளில அந்த டையிங் பெக்டரிலதானே. நாங்க செஞ்ச வெசல்லதான் வேலையாம். சின்ன உலகம் மச்சான்."

என் பார்சலை அப்படியே மூடி வைத்தேன். அன்று அவன் கண்ணை மூடி எதை வேண்டிக் கும்பிட்டான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. புதன், வியாழன், வெள்ளி என்று நாளைக் கடத்தினேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்கு அது குறுகுறுப்பாக இல்லை. யாரோ நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருப்பதாகவே இருந்தது. ஞாயிறு காலை ஒரு பிஸ்கட் பெட்டியை வாங்கிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் பஸ் ஏறினேன். அவனோடு ஒன்பது வருடம் வேலை செய்திருக்கிறேன், அவன் வீட்டுக்குப் போவது அதுதான் முதல் தடவை.

தொடர்மாடியில் மூன்றாவது மாடி. கதவு திறந்தே கிடந்தது. என்னைக் கண்டதும் சந்திரகுமார் பதறிப்போய்ச் சேர்ட்டைத் தேடிப் போட்டுக்கொண்டான். அவன் மனைவி ஜெயராணி பிளாஸ்டிக் கதிரையைச் சேலைத் தலைப்பால் துடைத்து வைத்தாள்.

"ஒக்காருங்க சேர். ஏதாச்சும் பிரச்சினைங்களா? வேர்க்ஷொப்புல யாருக்கும் ஒண்ணுமில்லையே?"

"இல்லை, இல்லை. ஒரு விஷயம் கதைக்க வந்தனான்."

அவன் நின்றுகொண்டிருந்தான். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. பஸ்ஸில் வரும்போது சேர்த்து வைத்த முகவுரையெல்லாம் பறந்துவிட்டது.

"சந்திரகுமார், அண்டைக்கு நீங்கள் கேட்டது சரி. அந்த உள்தகட்டை நான் கணக்கில சேர்த்துப்போட்டன். சேர்க்கக் கூடாது. பிழை என்னிலதான்."

'நீங்கள்' என்று தானாக வந்தது. ஒன்பது வருடத்துக்குப் பிறகு வந்த அந்த மரியாதை எனக்கே இரவல் வாங்கியதாகக் கேட்டது.

"தெரியுங்க சேர்" என்றான்.

"என்னண்டு தெரியும்?"

"அடுத்த நாளே என்னைய பின்பக்கம் மாத்துனீங்கல்ல. நா கேட்டது தப்புன்னா நீங்க மாத்தியிருக்க மாட்டீங்களே."

எனக்குத் தலை நிமிரவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டே ஜெயராணியிடம் கேட்டேன்.

"நீங்கள் அந்தக் கலனுக்குப் பக்கத்திலயோ நிக்கிறனீங்கள்?"

அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் தலையை ஆட்டிய பிறகுதான் பேசினாள்.

"நின்னேன் சேர். மூடி தெறந்து துணி எடுக்குற எடம். புது டேங்க் வந்த மொத வாரமே இவரு அங்கன நிக்காத, நிக்காதன்னு ஒரே புடிவாதம். சண்ட போட்டுத்தான் காரணத்த வாங்குனேன். பொறகு சூப்பர்வைசர்கிட்ட இழுப்பு இருக்குன்னு பொய் சொல்லிப் பேக்கிங்குக்கு மாறிக்கிட்டேன்."

ஒரு பெரிய மூச்சு வந்தது எனக்கு. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அது ஆறுதல் மூச்சு. அவள் அங்கே இல்லை! அடுத்த கேள்வி வர ஒரு நிமிடம் பிடித்தது.

"இப்ப அந்த இடத்தில ஆர் நிக்கினம்?"

சந்திரகுமார்தான் சொன்னான்.

"சீனியம்மா. இதே பிளட்ஸ்தான் சேர், கீழ் மாடி. காலையில இவளும் அதுவும் ஒண்ணாத்தான் போய் பஸ் ஏறுதுங்க. நா மேலருந்து பாப்பேன். என் பொஞ்சாதிய நகத்திட்டு அத நிப்பாட்டுன மாதிரிதானே சேர்? அதோட புருஷன் எங்கூட ஒண்ணா கோயிலுக்கு வாறவன். மொகத்தப் பாத்துப் பேச முடியல. மூணு மாசமா நா கோயிலுக்கே போகல."

"ஏன் ஒருத்தரிட்டயும் சொல்லேல்லை?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று எனக்கு விளங்கியது. அவன் கோபப்படவில்லை.

"சொன்னேனே சேர். ஒங்ககிட்ட."

ஜெயராணி உள்ளே போய்ப் பிளேன்டீ ஊற்றத் தொடங்கினாள். கோப்பை தட்டில் படும் சத்தம் கேட்டது. அவன் மெதுவாகத் தொடர்ந்தான்.

"எஞ்சினியர் சேர் சரின்னுட்டாரு. பிட்டர் போயி பெக்டரில இது தப்புன்னா எவன் சேர் கேப்பான்? அன்னைக்கி நம்ம ஆளுங்களே சிரிச்சாங்க."

கைத்தொலைபேசியை எடுத்தேன். சாய ஆலை முகாமையாளரின் இலக்கம் என்னிடம் இருந்தது. இப்போதே, இவர்கள் முன்னால், என் வாயால் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். அதோடு நிறுத்தாமல் ஸ்பீக்கரையும் போட்டேன். என் பிழையை நானே ஏற்றுக்கொள்வதை இந்த இரண்டு பேரும் காதால் கேட்கட்டும் என்று எண்ணினேன். அதில் எனக்கு ஒரு பெருமிதம்கூட வந்தது. செய்த பாவத்துக்கு அழப் போன இடத்திலும் பக்கத்தில் ஆள் பார்க்கிறதா என்று பார்க்கிற பிறவி நான்.

முகாமையாளர் சிங்களவர், நல்ல மனிதர். ஞாயிறன்று வீட்டில் இருந்தார், பின்னால் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். உள்தகடு பலத்துக்குச் சேராது, கணக்கில் சேர்த்தது என் பிழை, நாளை காலை அந்தக் கலனுக்கு நீராவி ஏற்ற வேண்டாம், நாங்கள் வந்து வெளித்தகட்டின் தடிப்பை அளந்து பார்த்து வேண்டியதைச் செய்கிறோம் என்றேன். ஒன்றையும் விடாமல் சொன்னேன். அவர் பிள்ளைகளை அடக்கிவிட்டு, நாளைக்கு ஏற்றமாட்டோம், ஆட்களையும் கிட்டப் போகவிடமாட்டேன் என்றார். சந்திரகுமாரின் தோள் இறங்கியதைக் கண்டேன். ஜெயராணி பிளேன்டீயைக் கையில் வைத்தபடி வாசலில் நின்றாள்.

அப்போது முகாமையாளர் கேட்டார்.

"மஹத்தயா, கலன் வேலை செய்துகொண்டுதானே இருக்கிறது. எட்டு மாதத்துக்குப் பிறகு இதை யார் கண்டுபிடித்தது?"

சாதாரணக் கேள்வி. பதில் எனக்கு முன்னால், ஓரடி தள்ளி, வெறுங்காலோடு நின்றது.

"நான்தான்" என்றேன். "பழைய கணக்குகளைத் திரும்பப் பார்க்கும்போது கண்டேன்."

ஏன் சொன்னேன்? எனக்குத் தெரியாது. வாய் அப்படிப் பழகியிருந்தது. உங்களைப் போல நேர்மையான எஞ்சினியர்மார் இந்தக் காலத்தில் எங்கே இருக்கிறார்கள், ஸ்தூதியி, ஸ்தூதியி என்று அவர் நன்றி சொன்னது அந்தச் சின்ன அறை முழுவதும் கணீரென்று கேட்டது. ஸ்பீக்கரை நிறுத்த விரல் தேடியது, பொத்தான் அகப்படவில்லை. கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவர்களுக்குச் சிங்களத்தை யாரும் மொழிபெயர்த்துச் சொல்லத் தேவையில்லை.

அழைப்பு முடிந்தது. ஜெயராணி பிளேன்டீயை என் கையில் தந்தாள்.

"அப்ப நாளைக்கி சீனியம்மா அங்கன நிக்காதுல்ல சேர்?"

"நிக்கமாட்டா."

"அது போதுங்க" என்றாள்.

திரும்ப அழைத்துச் சொல்லியிருக்கலாம். தொலைபேசி கையில்தான் இருந்தது. பிளேன்டீயைக் குடித்து முடித்தேன், சீனி கூடப் போட்டிருந்தாள், விருந்தாளிக்குப் போடுவது போல. வருகிறேன் என்று எழுந்ததும் சந்திரகுமார் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஹோல்ட் வரை கூடவே வந்தான். வரவேண்டாம் என்றேன், கேட்கவில்லை. வழியில் வெயிலைப் பற்றி ஏதோ சொன்னான். நானும் ஓம் ஓம் என்றேன்.

பஸ் வரக் கால் மணித்தியாலம் ஆனது. அவ்வளவு நேரமும் அவன் என் பக்கத்திலேயே நின்றான். நான் வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பஸ் வந்ததும் "பாத்து ஏறுங்க சேர்" என்று என் முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டான்.